மெட்டாலிகா கிறுக்கு தெளியுது: குத்தம் பாட்டுலயா, பதிவுலயா?

கேஆர்பி_ரிஃப், கிருஷ்ணகிரி

கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி பக்கத்து மெட்டல் ஆளுங்ககிட்ட ஒரு கேள்வி. நாங்க அமெரிக்க மெட்டல் பேண்ட் மெட்டாலிகாவைக் கேக்கிற ஒரு சின்னக் கூட்டம். அவங்களோட 1986 ஆல்பம் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' போட்டா இன்னிக்கும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்றாங்க. ரொம்பப் பின்னாடி வந்த 'டெத் மேக்னெட்டிக்', '72 சீசன்ஸ்' போட்டா மூணாவது பாட்டுக்குள்ள ஒருத்தர் டீக்குக் கிளம்புறார், இன்னொருத்தர் போனை நோண்ட ஆரம்பிக்கிறார். 1991ல 'பிளாக் ஆல்பம்' வந்தப்பவே விலை போயிட்டாங்கன்னு ஒரு கோஷ்டி. பேஸ் வாசிச்ச கிளிஃப் பர்ட்டன் செத்துப்போனதோட கதை முடிஞ்சதுன்னு ஒரு கோஷ்டி. நமக்குத்தான் வயசாச்சுன்னு மூணாவது கோஷ்டி.

வாய்ச்சண்டை போதும், ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து ஆல்பம் ஆல்பமா கேட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கோம். ஒரு ஆம்ப், ரெண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், லேப்டாப் இருக்கு. கொஞ்சம் சிடி, மீதியெல்லாம் ஸ்ட்ரீமிங். எப்படிக் கேட்டா ஒப்பீடு நியாயமா இருக்கும்? பாட்டோட குறை எது, பதிவோட குறை எதுன்னு எப்படிப் பிரிக்கிறது? அடுத்தது, எங்க கவர் பேண்டுக்கு 45 நிமிஷ செட் போடணும். ரெண்டு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ். 1991க்கு அப்புறம் வந்ததுல ஏதாவது சேர்க்கலாமா, மொத்தமா கழட்டி விட்டுறலாமா?


தகடூர்_டேப், தர்மபுரி

வால்யூமைச் சமப்படுத்தாம எந்த ஆல்பத்தையும் ஒப்பிடாதீங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான். ரெண்டு பதிவுல ஒண்ணு 1 டெசிபல் கூடுதலா இருந்தாலே காது முதல்ல அதுக்குத்தான் ஓட்டுப் போடும். கொஞ்ச நேரம் போனா அதே சத்தம்தான் சலிப்பையும் கொண்டுவரும்.

சிடியெல்லாம் லேப்டாப்ல ஒலி குறையாத ஃபிளாக் ஃபைலா ஏத்திக்குங்க. ஃபூபார்2000ங்கிற பிளேயர் இலவசம். ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் பண்ணி ரீப்ளேகெயின்ல (சத்தத்தைச் சமப்படுத்துற வசதி) ஆல்பமா ஸ்கேன் பண்ணுங்க. தனிப்பாட்டா ஸ்கேன் பண்ணினா ஆல்பத்துக்குள்ள வேணும்னே மெதுவா வெச்ச பாட்டையும் தூக்கி நிறுத்திடும், ஒப்பீடு கெட்டுப்போகும். அப்புறம் பிளேபேக் செட்டிங்ல ஆல்பம் கெயினைப் போட மறக்காதீங்க. ஸ்கேன் மட்டும் பண்ணிட்டு இதை விட்டா ஒரு வித்தியாசமும் தெரியாது. 'டெத் மேக்னெட்டிக்'கை இது 10 டெசிபலுக்கும் மேல இறக்கும். அந்த எண்ணே பாதிக் கதையைச் சொல்லிடும்.

மீதிக் கதைக்கு ஆடாசிட்டிங்கிற ஆடியோ எடிட்டர்ல அந்த ஆல்பத்துல ஒரு பாட்டைத் திறங்க. வியூ மெனுல கிளிப்பிங் (உச்சி அறுபட்ட ஒலி) காட்டுற வசதியை ஆன் பண்ணுங்க, சிவப்புக் கோடு கோடா வரும். இன்னும் கிட்டப் போய் ஒரு ஸ்நேர் டிரம் அடியைப் பெருசாக்கிப் பாருங்க. கூரா ஏறி இறங்க வேண்டிய அலை, மேல ரம்பம் போட்டு அறுத்த மாதிரி தட்டையா நிக்கும். உச்ச சத்தத்துக்கும் சராசரி சத்தத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை டிஆர்னு ஒரு எண்ணா அளப்பாங்க. 80களோட மெட்டல் சிடிகள் சாதாரணமா இரட்டை இலக்கத்துல இருக்கும். 'டெத் மேக்னெட்டிக்' சிடிக்கு அது 3. டிரம் அடிக்கு மேல எழும்ப இடமே இல்ல, காதுக்கு இளைப்பாறவும் இடமில்ல. உங்க நண்பர் மூணாவது பாட்டுல டீக்குப் போறதுக்கு இதுவே போதும்.

இது ரசிகர்களோட கற்பனைன்னு யாராவது சொன்னா ஒரு சான்று இருக்கு. 2008ல அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டுக்கும் வந்துச்சு. விளையாட்டுக்குத் தனித்தனி டிராக்கா கொடுத்ததால கடைசி அமுக்கல் அதுல இல்ல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேட்டுட்டுத்தான் ரசிகர்கள் ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் பண்ணச் சொல்லி இணையத்துல மனு போட்டாங்க. கடைசி ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கைப் பண்ணின டெட் ஜென்சனே, தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் அப்படித்தான் இருந்துச்சுன்னு ஒரு ரசிகருக்குப் பதில் எழுதினார்.

ரெண்டு இடத்துல ஏமாந்துடுவீங்க. ஸ்ட்ரீமிங்ல பழைய ஆல்பம்னு நீங்க கேக்கிறது பெரும்பாலும் ரீமாஸ்டர், அதாவது ஒலியை மறுபடி சீரமைச்சது. 'கில் எம் ஆல்', 'ரைட் தி லைட்னிங்' ரெண்டுக்கும் 2016, 'மாஸ்டர்' 2017, 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (சுருக்கமா 'ஜஸ்டிஸ்') 2018, 'பிளாக் ஆல்பம்' 2021. இதெல்லாம் முதல் சிடியை விடச் சத்தத்தைக் கூட்டி வெளியிட்டது. அதனால புதுசையும் பழசையும் ஸ்ட்ரீமிங்ல ஒப்பிட்டா வித்தியாசம் சுருங்கித் தெரியும். இன்னொண்ணு, எல்பி ரெக்கார்டுல இருந்து ஏத்தின ஃபைலுக்கு டிஆர் எண் எப்பவும் கூடுதலாத்தான் காட்டும். அதை வெச்சு எல்பி மாஸ்டர் நல்லதுன்னு முடிவு கட்டாதீங்க.

இப்ப நீளம். என் கணக்குல ரசிகர்கள் மனசு விட்டுப்போனதுக்கு 1991ஐ விட இதுதான் பெரிய காரணம். 'மாஸ்டர்' 8 பாட்டு, 55 நிமிஷத்துக்குள்ள. முதல் பக்கம் 27 நிமிஷத்துக்குள்ள முடியும், ரெண்டாவது பக்கம் 28. பதிவுக் கடைக்காரர் 60 நிமிஷக் கேசட்ல ரெண்டு பக்கமும் பாட்டை அறுக்காம அடக்கிடலாம். 1996ல வந்த 'லோட்' 14 பாட்டு, 79 நிமிஷம். சிடி கொள்ற கடைசிச் சொட்டு வரைக்கும் ஊத்தி வெச்சாங்க. கடைசிப் பாட்டான 'தி அவுட்லா டார்ன்' சிடியில அடங்காம ஒரு நிமிஷத்தை வெட்ட வேண்டி வந்துச்சு. வெட்டாத வடிவம் அடுத்த வருஷம் ஒரு சிங்கிள்ல தனியா வந்துச்சு. கேளுங்க, அந்த ஒரு நிமிஷம் அந்தப் பாட்டுக்குத் தேவைதான். வெட்டியிருக்க வேண்டியது வேற ரெண்டு முழுப் பாட்டை.

'ரீலோட்' 76, 'செயின்ட் ஆங்கர்' 75, 'டெத் மேக்னெட்டிக்' 75க்குப் பக்கம், 'ஹார்ட்வயர்டு', '72 சீசன்ஸ்' ரெண்டும் தலா 77 நிமிஷம். அதனால ஞாயித்துக்கிழமை இப்படிப் பண்ணுங்க. 1996ல இருந்து வந்த ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஆளுக்கு ஒரு தாள், 8 பாட்டுக்கு மேல எழுதக் கூடாது, மொத்தம் 55 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. எல்லார் தாள்லயும் வர்ற பாட்டை மட்டும் வரிசையாப் போட்டுக் கேளுங்க. 'ஹார்ட்வயர்டு' இந்தச் சோதனையில நல்லாவே நிக்கும். 'ரீலோட்' 8 கூடத் தேறாது.


அரூர்_ஆர்ப்பாட்டம், அரூர்

டேப் அண்ணா சொன்ன அளவெல்லாம் சரி. ஆனா எல்லாப் பழியையும் மெஷின் மேல போட்டா பேண்ட் தப்பிச்சுக்கும். 'பிளாக் ஆல்பம்' பதிவுல ஒரு குறையும் சொல்ல முடியாது, பாப் ராக்ங்கிற தயாரிப்பாளரோட வேலை, இன்னிக்கும் ஸ்பீக்கர் சோதிக்க அதைத்தான் போடுறாங்க. அப்புறம் ஏன் 1991லயே ஒரு கூட்டம் கழண்டுச்சு? வேகம். 'மாஸ்டர்' டைட்டில் பாட்டு நிமிஷத்துக்கு 210 பீட்டைத் தாண்டும். 'என்டர் சேண்ட்மேன்' 123. ஒரு பாட்டுக்குள்ள ஆறேழு ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கு) வந்த இடத்துல ஒரே ரிஃப் அஞ்சரை நிமிஷம் வண்டி இழுக்குது. பிடிக்காம இருக்கலாம், ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்காங்க.

பாட்டு எழுதின பேரைப் பாருங்க. முதல் ஆல்பத்துல 4 பாட்டுலயும் ரெண்டாவதுல 2 பாட்டுலயும் பழைய கிட்டார்காரர் டேவ் மஸ்டேன் பேரு இருக்கு, அவரை 1983லயே அனுப்பிட்டாங்க. கிளிஃப் 1986 செப்டம்பர் 27 அன்னிக்கு சுவீடன்ல பஸ் விபத்துல போனார். 'மாஸ்டர்' ஆல்பத்துல வர்ற 'ஓரியன்' மாதிரி ரெண்டு மூணு ஸ்வரக்கோடு ஒண்ணோட ஒண்ணு பின்னிப்போற வேலை அதோட குறைஞ்சிருச்சு. 2016 'ஹார்ட்வயர்டு'ல லீட் கிட்டார் வாசிக்கிற கிர்க் ஹேமட் பேர் ஒரு பாட்டுலயும் இல்ல. ரிஃப் எல்லாம் சேமிச்சு வெச்ச போனைத் தொலைச்சுட்டார், பேக்கப் இல்ல. உங்க கூட்டத்துல போன் நோண்டுறவருக்கு இதைச் சொல்லுங்க.

'லோட்' ஏன் தளர்வாக் கேக்குதுன்னு நிறைய பேர் குழம்புவாங்க. அதுவரைக்கும் ஸ்டுடியோவுல ரிதம் கிட்டார் முழுக்க பாடகர் ஹெட்ஃபீல்டு ஒருத்தர்தான் திரும்பத் திரும்ப அடுக்கி வாசிப்பார். ஒரே கை, ஒரே அழுத்தம், அதனாலதான் சுவர் மாதிரி நின்னுச்சு. 'லோட்'லதான் ஹேமட்டும் ரிதம் வாசிச்சார். ஹெட்ஃபோன் போட்டு இடது காதையும் வலது காதையும் மாத்தி மாத்திக் கழட்டிக் கேளுங்க, ரெண்டு கையும் தனித்தனியாப் பிடிபடும். சிலருக்கு அது உயிரோட்டம், சிலருக்கு ஓட்டை. எனக்கு ஓட்டை.

இணையத்துல பாட்டைப் பரிமாற உதவின நாப்ஸ்டரை யாரும் சொல்லலையே? 2000 ஏப்ரல்ல அது மேல மெட்டாலிகா வழக்குப் போட்டாங்க. அடுத்த மாசம் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகளோட பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்து நீக்கச் சொன்னாங்க. 1982ல அவங்க டெமோ ஊர் ஊராப் பரவினதே ரசிகர்கள் கேசட்ட நகல் எடுத்துத் தபால்ல அனுப்பினதாலதான். சட்டப்படி அவங்க பக்கம் ஞாயம் இருந்துச்சு, அதையும் ஒத்துக்கணும். வெளியாகாத பாட்டு நாப்ஸ்டர்ல கசிஞ்சு ரேடியோவுல வந்தா எவனுக்கும் எரியும். ஆனா ரசிகன் பேரைப் பட்டியல் போட்டதை ரசிகன் மறக்க மாட்டான். இதை ஆடாசிட்டியில அளக்க முடியாது, கேக்கும்போது காதுக்குள்ள உட்கார்ந்திருக்கும். அதனால சோதனை நடக்கும்போது யாரும் ஆல்பம் பேரைச் சொல்லாதீங்க. குரலை வெச்சே காலம் தெரிஞ்சிரும், இருந்தாலும் கொஞ்சம் உதவும்.


பாலக்கோடு_ஸ்நேர், பாலக்கோடு

'செயின்ட் ஆங்கர்' ஸ்நேர் பத்தி மட்டும். தகர டப்பா சத்தம்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. நடந்தது இவ்வளவுதான்: ஸ்நேர் டிரம்முக்கு அடியில கம்பிச்சுருள் வரிசை இருக்கும், பக்கத்துல இருக்கிற லீவரைத் தள்ளினா அது அடித்தோலை விட்டு இறங்கிடும். டிரம்மர் லார்ஸ் அதை இறக்கின நிலையிலயே வாசிச்சார், பிடிச்சுப்போச்சு, ஆல்பம் முழுக்க அப்படியே விட்டாங்க. மேல்தோல் இறுக்கமா இருந்து கம்பி இல்லேன்னா ஓட்டோட அதிர்வு 'டோங்'னு நீளும். உங்க டிரம்மரை லீவரை இறக்கிட்டு அடிக்கச் சொல்லுங்க, பத்து செகண்டுல ரகசியம் உடையும்.

அந்த ஆல்பத்தோட ஒரு டிவிடியும் வந்துச்சு. அப்ப புதுசாச் சேர்ந்த ட்ருஹியோ பேஸ் வாசிக்க, ஒத்திகை அறையில அதே பாட்டுகளை வரிசையா நேரடியா வாசிச்சது. ஆல்பத்துல பேஸ் வாசிச்சது பாப் ராக். பாட்டையும் பதிவையும் பிரிக்கிறது எப்படின்னு கேட்டீங்களே, இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அதே பாட்டு, வேற ஒலி. அதுலயும் இழுவையாத் தெரிஞ்சா குறை பாட்டுலதான். எனக்கு அதுலயும் இழுவைதான். ரிஃப் திரும்பத் திரும்ப வருது, சோலோ ஒண்ணுகூட இல்ல.


கேஆர்பி_ரிஃப், கிருஷ்ணகிரி

எல்லாருக்கும் நன்றி. 55 நிமிஷத் தாள் யோசனை எடுத்துக்கிட்டாச்சு. இன்னும் ரெண்டு. 'ஜஸ்டிஸ்'ல பேஸே கேக்கலை, ஈக்வலைசர்ல 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஏத்தினா டிரம்தான் இடிக்குது, இதுக்கு வழி இருக்கா? அடுத்தது டியூனிங். ஆளுக்கு ஒரே கிட்டார்தான் இருக்கு. மேடையில ஒவ்வொரு பாட்டுக்கும் டியூன் மாத்திக்கிட்டு நிக்க முடியாது.


ஓசூர்_டிராப்சி, ஓசூர்

'ஜஸ்டிஸ்'க்கு ஈக்வலைசர் உதவாது தம்பி. கிளிஃபுக்கு அப்புறம் வந்த பேஸ்காரர் நியூஸ்டெட் பிக் வெச்சு ரிதம் கிட்டார் வாசிக்கிற அதே நோட்டை அதே வேகத்துல வாசிச்சிருக்கார். கிட்டார்ல மிட்டை (நடு அலைவரிசையை) ஆழமா வெட்டி லோவை (தாழ்ந்த அலைவரிசையை) ஏத்தி வெச்சிருக்காங்க. பேஸ் உட்கார வேண்டிய இடத்துல கிட்டாரோட பாம் மியூட்டும் (உள்ளங்கையால கம்பியை அமுக்கி வாசிக்கிறது) கிக் டிரம்மும் ஏற்கனவே உட்கார்ந்தாச்சு. நீ ஏத்துறது அது ரெண்டையும்தான். மிக்ஸ் பண்ணின ஸ்டீவ் தாம்சன், பேஸை இறக்கச் சொன்னது லார்ஸ்தான்னு பின்னாடி பேட்டியிலயே சொல்லிட்டார். 2018 ரீமாஸ்டர்லயும் அதைத் தொடலை. விளையாட்டுல இருந்து எடுத்த டிராக்கை வெச்சு ரசிகர்கள் பேஸ் ஏத்தின மிக்ஸ் இணையத்துல சுத்துது, ஒருதடவை கேட்டுப்பாரு, ஆல்பமே வேற ஆளாத் தெரியும்.

இதுல உங்க பேண்டுக்கும் பாடம் இருக்கு. ரெண்டு கிட்டாரும் ஆம்ப்ல மிட்டைச் சுழியத்துக்கு இறக்கி கெயினை முழுசா ஏத்தாதீங்க. ரூம்ல தனியா வாசிக்கும்போது கம்பீரமா இருக்கும், ஹால்ல டிரம்ஸ் சேர்ந்ததும் கிட்டார் காணாமப் போயிடும். மிட் 5, 6ல இருக்கட்டும், லோவை 4க்கு இறக்கு, கெயின் நீ நினைக்கிறதுல முக்கால்வாசி போதும். லோவை பேஸ்காரர்கிட்ட விட்டுடு.

டியூனிங்குக்கு வர்றேன். ஸ்டுடியோவுல 80கள்ல பெரும்பாலும் இ ஸ்டாண்டர்டு, அதாவது வழக்கமான சுருதி, அதுலயும் 'ரைட் தி லைட்னிங்' சுருதி சித்தே மேல நிக்கும், ஆல்பத்தோட சேர்ந்து வாசிச்சா ஒட்டாது, உன் டியூனர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்காதே. 'லோட்' இ ஃபிளாட், அதைவிட அரைச் சுருதி கீழ. 'செயின்ட் ஆங்கர்' பெரும்பாலும் டிராப் சி, இன்னும் தாழ்ந்தது. 'பிளாக் ஆல்பம்' பாட்டு 'சேட் பட் ட்ரூ' டி ஸ்டாண்டர்டு, முழுச் சுருதி கீழ. ஆனா 90கள் நடுவுல இருந்து மேடையில அவங்களே பொதுவா அரைச் சுருதி இறக்கி இ ஃபிளாட்லதான் வாசிக்கிறாங்க. நீங்களும் மொத்த செட்டையும் இ ஃபிளாட்ல வெச்சுக்குங்க. பாடுறவர் தொண்டைக்கும் நல்லது. டிராப் சியும் டி ஸ்டாண்டர்டும் இந்த செட்டுக்கு வேணாம்.

10-46 தடிமன் கம்பி போதும். 9-42 இருந்தா அரைச் சுருதி இறக்கினதும் தொளதொளன்னு ஆகி, வேகமா அடிக்கும்போது நோட்டு மேல ஏறி ஏறி இறங்கும். கம்பி மாத்தினதும் இழுவிசை மாறும், கழுத்து வளைவும் மாறும். முதல் நாலைஞ்சு ஃபிரெட்ல மட்டும் கரகரன்னா கழுத்து நேரா நிமிர்ந்துடுச்சுன்னு அர்த்தம், கழுத்துக்குள்ள இருக்கிற டிரஸ் ராடைக் கால் சுத்து தளர்த்திட்டு ஒரு நாள் விட்டுப் பாரு. ஒரே மூச்சுல முழுச் சுத்து திருகினா ராடு போயிடும். எல்லா ஃபிரெட்லயும் கரகரன்னா பிரிட்ஜ்ல கம்பி உட்கார்ற சேடிலைத் தூக்கு. 12வது ஃபிரெட்ல ஹார்மானிக்கையும் அழுத்தின நோட்டையும் டியூனர்ல பாரு. அழுத்தினது கூடுதலாக் காட்டினா சேடிலைக் கழுத்தை விட்டுப் பின்னாடி நகர்த்து. டியூன் பண்ணும்போது 'டிக்'னு சத்தம் வந்தா கழுத்து முனையில இருக்கிற நட்ல கம்பி மாட்டுது, பள்ளத்துல பென்சில் கரியைத் தேய். ஸ்பிரிங் இழுவையில மிதக்கிற ஃபிளாய்டு ரோஸ் பிரிட்ஜ்னா பின்னாடி ஸ்பிரிங்கையும் தளர்த்தணும், இல்லேன்னா ஒரு கம்பியைச் சரி பண்ணினா மத்த அஞ்சும் ஓடும்.

செட்: 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' 5:09, 'கிங் நத்திங்' 5:30, 'மோத் இன்டு ஃபிளேம்' 5:50, 'ஒன்' 7:27, 'என்டர் சேண்ட்மேன்' 5:31, 'மாஸ்டர்' 8:35. மொத்தம் 38 நிமிஷம், மீதி 7 நிமிஷம் பேச்சுக்கும் டியூன் சரிபார்க்கவும். 1996ல இருந்து ஒண்ணு, 2016ல இருந்து ஒண்ணு. ரெண்டும் மேடையில நிக்கிற பாட்டு, கழட்டி விட வேண்டியதில்ல. 'மாஸ்டர்' கடைசியில. முதல்ல வெச்சா வலது கை செத்துடும்.

'மாஸ்டர்' ரிஃப் முழுக்கக் கீழ்நோக்கி அடி. மேலும் கீழுமா அடிச்சா வேகம் வரும், ஆனா ஒவ்வொரு ரெண்டாவது நோட்டும் மெலிஞ்சு போகும், தெரிஞ்சவன் காதுல உடனே மாட்டிக்குவே. மெட்ரோனோமை 160ல வெச்சு ஆரம்பி, நாலு நிமிஷம் இறுகாம ஓடினாத்தான் 5 ஏத்து. முழங்கையில இருந்து அடிச்சா 190லயே பூட்டிக்கும், மணிக்கட்டு ஆடணும், பிக் நுனி கம்பிக்கு வெளிய அரிசி மணி அளவுக்கு மேல போகக் கூடாது.

லேப்டாப்பை ஆம்ப்ல மாட்டினதும் 'ம்ம்ம்'னு இரைச்சல் வந்தா ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருந்து எடு. எர்த் பின்னை உடைச்சா இரைச்சல் நிக்கும்னு எவனாவது சொன்னா கேக்காதே, ஷாக் அடிக்கும்.


அரூர்_ஆர்ப்பாட்டம், அரூர்

'ஒன்' எடுத்தா டிரம்மருக்கு டபுள் பெடல் இருக்கான்னு கேட்டுக்குங்க. அந்த மெஷின்கன் இடத்துல கிட்டாரும் கிக்கும் ஒட்டலேன்னா பாட்டே போச்சு. பெடல் இல்லேன்னா 'சீக் அண்ட் டெஸ்ட்ராய்', கிட்டத்தட்ட அதே நீளம்.


தகடூர்_டேப், தர்மபுரி

டிராப்சி சொன்ன செட் நல்லா இருக்கு. இன்னொண்ணு மட்டும்: பெங்களூருல பழைய சிடி வாங்கப் போனா முன்னட்டையைப் பார்த்து வாங்கிடாதீங்க, படம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். பின்னட்டையில அடியில பொடி எழுத்துல இருக்கிற வருஷத்தையும் ரீமாஸ்டர்னு போட்டிருக்கான்னும் பாருங்க. சந்தேகம்னா வீட்டுக்கு வந்ததும் ஃபூபார்ல டிஆர் மீட்டர் போட்டுப் பாருங்க. 'மாஸ்டர்' ஒற்றை இலக்கத்துல காட்டினா நீங்க வாங்கினது 1986 மாஸ்டரிங் இல்ல.